நத்தைக்கு மருந்து வேண்டாம், பப்பாளித் தோல் போதும்

கீரைப் பாத்தியில் நத்தைத் தொல்லையா? சாயங்காலம் ஒரு கோணிச்சாக்கை நனைத்து, அதன் அடியில் பப்பாளித் தோலைப் பரப்பிப் பாத்தி ஓரமாகப் போட்டுவிடுங்கள். காலையில் வெயில் ஏறுமுன் சாக்கைப் புரட்டினால், பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் தோலோடு ஒட்டிக் கிடக்கும். பொறுக்கிச் சுடுதண்ணீர் வாளியில் போடுங்கள். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள். மூளையைத் தாக்கும் புழு அவற்றில் இருக்கலாம்.

இரவில் மேயும் நத்தை விடியும்போது ஈரமும் நிழலும் தேடும். பழ வாசனை அதை இங்கே இழுத்துவிடும். மருந்துக் காசு மிச்சம். அதைவிட முக்கியம், அந்த மருந்து எந்த நத்தை என்று பார்த்துக் கொல்வதில்லை. மலேசியாவில் நம் பேராக் மாநிலச் சுங்கை சிப்புட் பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள் இருக்கின்றன (ஊர்ப் பெயரிலேயே நத்தை இருக்கிறது; மலாயில் சிப்புட் என்றால் நத்தை). இப்படிப்பட்ட குன்றுகளில் அரிசி மணி அளவுகூட இல்லாத நத்தைகள் வாழும். ஓடு வளரச் சுண்ணாம்பு வேண்டும் என்பதால், சில இனங்கள் ஒரே ஒரு குன்றைவிட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. பகாங் மாநிலத்தில் புக்கிட் பாஞ்சிங் குன்றைக் கல்லுக்காக வெட்டித் தீர்த்தபோது, அங்கே மட்டும் இருந்த பிளெக்டோஸ்டோமா சயாபிலம் என்ற நத்தையும் அதோடு அழிந்துபோனது.

அடைமழையில் இந்தச் சாக்கு பலிக்காது. எங்கும் ஈரமாக இருப்பதால் நத்தைகள் ஓரிடத்தில் சேராது. நீண்ட வெயில் காலத்திலும் ஓட்டுக்குள் அடைந்துவிடும். அப்புறம், குன்றுப் பாறையில் பொடி நத்தைகளைக் கண்டால் அப்படியே விட்டுவிடுங்கள். அவை பாறைப் பாசியைத் தின்று வாழ்பவை, உங்கள் கீரைக்கு வராது.