பழைய போட்டோவுக்கு வார்னிஷ் பூசாதீர்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் கொள்ளுத்தாத்தா படத்தில் கறை தெரிந்தவுடன் வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்கிறார்கள், இல்லையென்றால் லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். தயவுசெய்து இரண்டும் வேண்டாம். பூச்சு நாளாக ஆக மஞ்சளாகும், அதை எடுக்கப் போனால் படமும் சேர்ந்து வந்துவிடும். லேமினேஷனின் சூடும் பசையும் படத்தோடு ஒட்டினால் ஒட்டியதுதான்.

“அந்தக் காலத்துக் கண்ணாடி நெகட்டிவில் (பிலிமுக்குப் பதிலாகப் படம் பதிந்த கண்ணாடித் தகடு) வார்னிஷ் இருக்கிறதே?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1851-இல் வந்த, கண்ணாடியில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவம் ஊற்றிப் படமெடுக்கும் முறையில், படமாகப் பதிந்த வெள்ளிப் படலம் மேலாக நிற்கும், லேசாக உரசினாலே கீறல் விழும். அதனால் கண்ணாடியைச் சூடுகாட்டி, சாண்டராக் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்து ஊற்றினார்கள். அதை இன்று ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் அந்த வார்னிஷ் கரைந்து படமும் போய்விடும். 1880-களிலிருந்து பரவிய ஜெலட்டின் தகடுகளில் வெள்ளி ஜெலட்டினுக்குள்ளேயே இருக்கிறது, அதனால் வார்னிஷ் அவசியமில்லை. அதற்கு ஈரத்துணியே எமன்; ஜெலட்டின் ஊறி உரிந்து வரும்.

தகட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். மங்கலாகத் தெரிவது படப் பக்கம். அங்கே மென்மையான பிரஷ் மட்டும், அதுவும் படலம் உரியாமல் இருந்தால்தான். ஓரத்தில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு தெரிந்தால் அதைத் தேய்க்காதீர்கள், அந்தப் பளபளப்பே படத்தின் வெள்ளிதான்.

நம் வீடுகளில் இன்னொன்று நடக்கிறது. சாமி படத்தோடு மாட்டிய முன்னோர் படத்தின் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். தண்ணீர் வழிந்து பிரேமின் கீழ்விளிம்பில் இறங்கி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய படத்தைப் பிய்க்கவே கூடாது. கண்ணாடியோடு அப்படியே நல்ல கேமராவில் படமெடுத்து வையுங்கள். பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களை மின்னுருவாக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் செய்திருக்கிறது. பொட்டு வைக்க அந்த நகலை மாட்டுங்கள், அசல் உள்ளே இருக்கட்டும்.

அப்புறம், பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் படம் அதோடு ஒட்டும். அமிலமில்லாத காகிதத்தில் ஒவ்வொன்றாகச் சுற்றுங்கள். கண்ணாடித் தகடுகளை அடுக்காமல், நீளமான விளிம்பில் நிறுத்தி வையுங்கள். கடலைப் பார்த்த வெளிச்சுவர் அலமாரி கூடாது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வரும்; அதனால் மழை மாதங்களில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, அது ஈரம் இழுத்துவிட்டால் உலர்த்தி மறுபடி வையுங்கள்.