பிங்யாவ் கோட்டை ஊருக்கு அரை நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

சீனாவின் ஷான்சி மாகாணத்தில் இருக்கும் பிங்யாவ் சின்ன ஊர்தான். மதிலுக்குள் இருப்பது சுமார் 2.25 சதுர கிலோமீட்டர், மதிலின் சுற்றளவு ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அரை நாளில் பார்த்துவிடலாம் என்று தோன்றும். பார்க்கலாம், ஆனால் நுழைவுச்சீட்டின் பேச்சைக் கேட்கக் கூடாது.

தெருக்களில் நடக்கக் கட்டணம் இல்லை. மதில் மேல் ஏறவும் பழைய மாளிகைகளுக்குள் நுழையவும் எல்லாவற்றுக்கும் சேர்த்து 125 யுவானுக்கு ஒரே சீட்டு. மூன்று நாள் செல்லும், இருபதுக்கு மேற்பட்ட இடங்களைத் திறந்துவிடும். கொடுத்த காசுக்கு அத்தனையையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுகிறவர்கள்தான் அதிகம். நாலாவது முற்றத்தைத் தாண்டும்போது எல்லா வீடும் ஒரே வீடாகத் தெரியும். மதில், ரிஷெங்ச்சாங் உண்டியல் கடை (ஓர் ஊரில் பணத்தைக் கட்டி வேறு ஊரில் வாங்கிக்கொள்ள உதவும் சீட்டுதான் இங்கே உண்டியல்), யாமென் என்ற பழைய மாவட்ட அலுவலகம். அரை நாளுக்கு இந்த மூன்றும் போதும்.

முதலில் ரயில். இங்கே இரண்டு நிலையங்கள் உண்டு. 'பிங்யாவ்' என்பது பழைய பாதையில் உள்ளது, மேற்கு மதிலுக்கு நடந்தே போகும் தூரம். 'பிங்யாவ் குச்செங்' என்பது அதிவேக ரயில் நிலையம். குச்செங் என்றால் 'பழைய நகரம்'. பெயரைப் பார்த்து, இறங்கியதும் மதில் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். ஊருக்கும் அதற்கும் எட்டு, பத்து கிலோமீட்டர். ஆனாலும் அரை நாள் பயணத்துக்கு அதிவேக ரயில்தான் சரி. மாகாணத் தலைநகரான தையுவானின் தெற்கு நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், ஷியான் வடக்கிலிருந்து சுமார் மூன்று மணி நேரம். நிலையத்திலிருந்து 108ஆம் எண் பேருந்து ஊருக்குப் போகிறது. நேரம் குறைவு என்றால் டாக்சி பிடியுங்கள், ஓட்டுநரிடம் 'பெய்மென்' (வடக்கு வாசல்) என்று சொல்லுங்கள். வெறுமனே 'பழைய நகரம்' என்றால் ஆறு வாசல்களில் எதில் இறக்கிவிடுவார் என்று சொல்ல முடியாது.

திரும்பும் ரயிலுக்கும் முன்பே சீட்டு எடுத்துவிடுங்கள். 12306 என்ற சீன ரயில்வே செயலியில் பயண நாளுக்கு 15 நாள் முன்னால் விற்பனை திறக்கும். சீட்டு பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டிருப்பதால், பதிவுசெய்த அதே பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். தானியங்கிக் கதவு பாஸ்போர்ட்டை எடுக்காவிட்டால் ஓரத்தில் ஊழியர் நிற்கும் வழிக்குப் போங்கள். வண்டி புறப்படும் முன்பே கதவை மூடிவிடுவார்கள், கெஞ்சிப் பயனில்லை. பாதுகாப்புச் சோதனையையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஊரின் வாசலை விட்டு ரயில் நேரத்துக்கு 75 நிமிடம் முன்னதாகக் கிளம்ப வேண்டும். கொண்டுவரும் பெட்டி சக்கரம் வைத்ததாக இருந்தால் தையுவான் விடுதியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கல் பாவிய தெருவில் அது உருளாது, உங்களைத்தான் இழுக்கும்.

வடக்கு வாசலில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. வடக்கிலிருந்து தென்மேற்காகப் போனால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. காலை ஒன்பது மணிவாக்கில் முதலில் மதில் ஏறுங்கள். மேலே நிழலே கிடையாது. கோடையில் பதினோரு மணிக்கு மேல் ஏறினால் வெந்துபோவீர்கள், குளிர்காலத்தில் காற்று முகத்தை அறுக்கும். ஜூலை, ஆகஸ்டில் மழை. 2021 அக்டோபரில் பெய்த பெருமழையில் மதிலின் ஒரு பகுதியே சரிந்து, பிறகு சீரமைத்தார்கள். செங்கல்லுக்குள்ளே இருப்பது இடித்து இறுக்கிய மண், நீர் ஊறினால் தாங்காது. அதனால் முழுச் சுற்றும் திறந்திருக்கும் என்று எண்ணாமல், எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 40 நிமிடம் நடந்தால் போதும்.

இன்று காணும் மதில் 1370இல், மிங் ஆட்சியில், விரிவாக்கிக் கட்டியது. 72 காவல் மாடங்கள், 3000 கைப்பிடிச்சுவர்ப் பற்கள்: கன்பூசியஸின் 72 சிறந்த சீடர்கள், 3000 மாணவர்கள் என்று கணக்குச் சொல்வார்கள். ஊரை ஆமை என்பதும் வழக்கம். தெற்கு வாசல் தலை, வடக்கு வாசல் வால், கிழக்கிலும் மேற்கிலும் இரண்டிரண்டு கால்கள். மேலிருந்து பார்த்தால் வெளிவாசலுக்கும் உள்வாசலுக்கும் நடுவே மதில் சூழ்ந்த ஒரு முற்றம் தெரியும். முதல் கதவை உடைத்து வரும் எதிரி அங்கே மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் செய்தது.

இறங்கி வடக்குத் தெருவில் நேராகத் தெற்கே நடந்து மேற்குத் தெருவில் திரும்புங்கள். அங்கேதான் ரிஷெங்ச்சாங். இதற்கு ஒரு மணி நேரம் தாராளமாக ஒதுக்குங்கள். சாயக்கடையாக இருந்து, வண்டி வண்டியாக வெள்ளியைக் கொண்டுபோகும் ஆபத்துக்கு மாற்றாக உண்டியல் எழுதும் தொழிலுக்கு 1823வாக்கில் மாறிய கடை. சீனாவின் முதல் உண்டியல் கடை இதுவே. முகப்பு குறுகல், வழிகாட்டிக் குழுக்கள் அங்கேயே அடைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒதுங்கி நேராக உள்முற்றத்துக்குப் போய்விடுங்கள். தேட வேண்டியது சங்கேத எழுத்து முறை. உண்டியலில் மாதத்தை எண்ணாக எழுதாமல் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு எழுத்து வைத்தார்கள். அந்தப் பன்னிரண்டையும் வரிசையாகப் படித்தால், 'போலிச் சீட்டு வரும், எச்சரிக்கை. எழுத்தையும் முத்திரையையும் உற்றுப் பார்க்க மறவாதே' என்று பொருள் தரும் வாக்கியம். திருடனுக்குத் தெரியாத பூட்டு, குமாஸ்தாவுக்கு நினைவூட்டல், இரண்டும் ஒன்றே. இதைப் பார்த்துவிட்டால் மற்ற உண்டியல் கடைகளை விட்டுவிடலாம். நிலவறைக் கருவூலம் பார்க்க ஆசை இருந்தால் மட்டும் தெற்குத் தெருவில் ஷியேதொங்ச்சிங்.

தெற்குத் தெருவில்தான் கூட்டமும் கடைகளும். தெருவின் மேலேயே கால் பரப்பி நிற்கும் 18.5 மீட்டர் உயரச் சந்தைக் கோபுரத்தின் அடியில் நடந்து போங்கள். பசித்தால் காவ்லாவ்லாவ்: ஓட்ஸ் மாவைச் சுருட்டி, தேன்கூடு போல நெருக்கி நிறுத்தி ஆவியில் வேக வைப்பது. தொட்டுக்கொள்ள ஆட்டுக்கறிக் குழம்பும் தருவார்கள், தக்காளிக் குழம்பும் தருவார்கள். சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஊரின் பேர்போன உணவு மாட்டிறைச்சி என்பதையும் நினைவில் வையுங்கள்.

கோபுரத்தைத் தாண்டி மேற்கே பிரியும் தெருவில் யாமென். பழைய மரபுப்படி அலுவலகம் ஊரின் மேற்குப் பாதியில், காவல் தெய்வத்தின் கோயில் அதற்கு எதிர்ப்பாதியில். வழக்கு மண்டபம், சிறை என்று வரிசையாகப் பார்க்க முக்கால் மணி. பழைய விசாரணையை நடித்துக் காட்டுவார்கள், நேரம் வாசலில் எழுதியிருக்கும். முடிந்ததும் அதே தெருவில் மேற்கே போனால் இரண்டு மேற்கு வாசல்களில் ஒன்றான மேல்மேற்கு வாசல், வெளியே டாக்சி.

சிற்பத்தில் ஈடுபாடு உள்ளவர்கள் யாமெனை விட்டுவிட்டு, தென்மேற்கே ஆறு கிலோமீட்டரில் உள்ள ஷுவாங்லின் கோயிலுக்குப் போவது மேல். வண்ணம் தீட்டிய சுதைச் சிலைகள் அங்கே ஆயிரக்கணக்கில்.

கைப்பேசியில் அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியை உங்கள் வெளிநாட்டு அட்டையோடு முன்பே இணைத்துவிடுங்கள். 200 யுவானுக்கு உட்பட்ட செலவுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை. சில்லறையாக 100 யுவானும் வைத்திருங்கள். கூகுள் வரைபடம் சீனாவில் தடைசெய்யப்பட்டது. வேறு வழியில் திறந்தாலும் சீன வரைபடங்கள் இடத்தைக் குறிக்க வேறு ஆயத்தொலைவு முறையைப் பின்பற்றுவதால் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி நிற்கும், சந்துகள் நிறைந்த ஊரில் அது பெரிய பிழை. காவ்தே வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள். மே முதல் நாளை ஒட்டிய விடுமுறையிலும் அக்டோபர் முதல் வாரத்திலும் மட்டும் வராதீர்கள். அப்போது தெற்குத் தெருவைக் கடக்கவே அரை நாள் போய்விடும்.