ஓவர்டிராஃப்ட் கட்டணத்தை வங்கியிடமிருந்து திரும்பப் பெறுவது எப்படி?

அமெரிக்காவுக்கு வந்த புதிதில் நம்மில் பலர், கணக்கில் பணம் இல்லையென்றால் கார்டு வேலை செய்யாது, அவ்வளவுதானே என்ற நினைப்பில்தான் டெபிட் கார்டைத் தேய்க்கிறோம். ஊரில் பழகியது அப்படி. இங்கே செக்கிங் கணக்கில், அதாவது அன்றாட வரவு செலவுக்கான கணக்கில், இருப்பு போதாவிட்டாலும் வங்கி தன் கையிலிருந்து போட்டுச் செலவை நிறைவேற்றிவிட்டு, அந்த உபகாரத்துக்கு ஒவ்வொரு முறையும் ஒரு கட்டணத்தை உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதுதான் ஓவர்டிராஃப்ட் கட்டணம். பெரிய வங்கிகளில் அது பல ஆண்டுகள் 35 டாலர் அளவில் இருந்தது. 2022-இல் கேபிடல் ஒன்னும் சிட்டியும் அதை அடியோடு நிறுத்தின. பேங்க் ஆஃப் அமெரிக்கா 35-இலிருந்து 10 டாலராகக் குறைத்தது. பழைய விகிதத்திலேயே வாங்கும் வங்கிகளும் இருக்கின்றன. என் முதல் கணக்கு அப்படி ஒரு வங்கியில்தான் இருந்தது.

அந்தக் கணக்கில் ஒரு வாரக்கடைசியில் நடந்ததை எண்களோடு சொல்கிறேன், ஏனென்றால் கீழே வரும் ஒவ்வொரு படிக்கும் அது பயன்படும். வெள்ளிக்கிழமை மாலை இருப்பு 62.40 டாலர். மளிகைக் கடையில் கார்டில் 38.15 டாலர் கொடுத்தேன், மீதி 24.25. சனிக்கிழமை காபிக்கு 4.75, மீதி 19.50. திங்கட்கிழமை காலை, நான் மறந்தே போயிருந்த தொலைபேசிக் கட்டணம் 55 டாலர் தானாகப் பிடிக்கப்பட்டது. மளிகையும் காபியும் அதுவரை ‘பெண்டிங்’ நிலையிலேயே, அதாவது வங்கி அனுமதித்தும் கணக்கில் ஏறாமலேயே, இருந்து, தொலைபேசிக் கட்டணத்துக்குப் பிறகே கணக்கில் ஏறின. மொத்தத்தில் கணக்கு 35.50 டாலர் மைனஸில் நின்றது. மூன்றும் இருப்பு போதாத நிலையில் ஏறியதாகக் கொண்டு வங்கி தலா 35 டாலர் வீதம் 105 டாலரைப் பிடித்தது. காபியின் விலை அன்று 39.75 டாலர்!

படி 1: திரையைப் படம் பிடியுங்கள்

கட்டணம் விழுந்திருப்பதைக் கண்டவுடன் வங்கியின் செயலியைத் திறந்து, பரிவர்த்தனைப் பட்டியலையும் பெண்டிங் பட்டியலையும் அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெண்டிங்கில் இருப்பது கணக்கில் ஏறியதும் அந்தப் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். நீங்கள் கார்டைத் தேய்த்த நேரத்தில் போதுமான பணம் இருந்தது என்பதற்கான சான்றும் அதோடு போய்விடக்கூடும். மாத ஸ்டேட்மெண்ட்டில் கணக்கில் ஏறிய தேதி மட்டுமே இருப்பது வழக்கம். கடை ரசீதுகள் இருந்தால் அவற்றையும் எடுத்து வையுங்கள். கூடவே உங்கள் கணக்குக்கான கட்டண அட்டவணையை வங்கியின் இணையதளத்திலிருந்து இறக்கிப் படியுங்கள்: ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை கட்டணம், எவ்வளவு மைனஸ் வரை கட்டணம் இல்லை, மறுநாளுக்குள் பணம் போட்டால் விலக்கு உண்டா என்ற மூன்றையும் பாருங்கள். உதாரணமாக, சேஸ் வங்கி நாள் முடிவில் 50 டாலர் வரையிலான பற்றாக்குறைக்குக் கட்டணம் எடுப்பதில்லை. வங்கி தன் அட்டவணையையே மீறியிருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

படி 2: எந்த வகைச் செலவு என்று பிரியுங்கள்

எல்லாக் கட்டணமும் ஒரே மாதிரி அல்ல. 2010-இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி விதியின்படி, ‘ரெகுலேஷன் ஈ’ என்று வங்கிக்காரர்கள் சொல்லும் அதில், ஏடிஎம்மில் எடுக்கும் பணத்துக்கும் ஒரு முறை மட்டும் செய்யும் டெபிட் கார்டு செலவுக்கும் ஓவர்டிராஃப்ட் கட்டணம் வாங்க வேண்டுமானால், வாடிக்கையாளர் முன்கூட்டியே தெளிவாகச் சம்மதம் தெரிவித்திருக்க வேண்டும். இதைத்தான் ‘ஆப்ட்-இன்’ என்கிறார்கள். சம்மதித்ததை உறுதிப்படுத்தி வங்கி உங்களுக்கு எழுத்து வடிவில் அனுப்பியிருக்கவும் வேண்டும். காசோலை, தானாகப் பிடிக்கப்படும் பில், மாதந்தோறும் கார்டில் ஓடும் சந்தா ஆகியவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

என் கதையில் மளிகையும் காபியும் முதல் வகை. தொலைபேசி பில் இரண்டாம் வகை. அதாவது நான் சம்மதம் தந்திருக்காவிட்டால் 70 டாலரை உரிமையோடு கேட்கலாம், 35 டாலரைத் தயவாகத்தான் கேட்க முடியும். இந்தப் பிரிவினையைச் செய்யாமல் வங்கியை அழைக்காதீர்கள்.

கார்டைத் தேய்த்தபோது பணம் இருந்தும், கணக்கில் ஏறும்போது மைனஸ் ஆகிவிட்டதால் கட்டணம் விழுந்தது என்பது தனியாகச் சொல்ல வேண்டிய புகார். இதே காரணத்துக்காக 2022 செப்டம்பரில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகமான சிஎஃப்பிபி, ரீஜன்ஸ் வங்கி மீது நடவடிக்கை எடுத்து, குறைந்தது 14.1 கோடி டாலரை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தரவும் 5 கோடி டாலர் அபராதம் கட்டவும் உத்தரவிட்டது. ஆனால் அந்தப் பணியகம் தன் பழைய வழிகாட்டுதல்கள் பலவற்றை 2025-இல் திரும்பப் பெற்றுவிட்டது. ஆகவே இதைச் ‘சட்டம்’ என்று எழுதாமல், ‘நான் செலவழித்தபோது பணம் இருந்தது, இந்தக் கட்டணத்தை நான் எந்த வகையிலும் எதிர்பார்த்திருக்க முடியாது’ என்று நியாயமாக வாதிடுங்கள். அதேபோல், பெரிய வங்கிகளுக்கு 5 டாலர் உச்சவரம்பு வந்துவிட்டதாகச் சொல்லும் பழைய செய்திகளையும் நம்பாதீர்கள். 2024 டிசம்பரில் இயற்றப்பட்ட அந்த விதி, நடைமுறைக்கு வருமுன்பே 2025 மே மாதத்தில் நாடாளுமன்றத் தீர்மானத்தின் வழியாக ரத்தாகிவிட்டது.

செலவே உங்களுடையது இல்லை அல்லது கடைக்காரர் இரண்டு முறை பிடித்துவிட்டார் என்றால் வழி வேறு. ஸ்டேட்மெண்ட் அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவியுங்கள். தவறு உறுதியானால், அதன் விளைவாக வங்கி விதித்த கட்டணத்தையும் சேர்த்தே திருப்பித் தர வேண்டும்.

படி 3: ஆப்ட்-இன் பதிவைக் கேளுங்கள்

அழைப்பதற்கு முன் முடிந்தால் கணக்கை மைனஸிலிருந்து மீட்டுவிடுங்கள். மைனஸில் நீடித்தால் சில வங்கிகள் மேலும் கட்டணம் எடுக்கும். பிறகு அழையுங்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முடியுமா’ என்பது அல்ல. அப்படிக் கேட்டால் ஒரு கட்டணத்தை நல்லெண்ணமாகத் திருப்பித் தந்துவிட்டு, இந்த ஆண்டுக்கு உங்கள் சலுகை முடிந்தது என்று சொல்லிவிடுவார்கள். நானும் முதல் அழைப்பில் அந்தத் தவறைச் செய்ய இருந்தேன். ‘ஒன்றைத் திருப்பித் தருகிறேன், சரியா?’ என்று மறுமுனையில் பேசிய வங்கி ஊழியப் பெண் இனிமையாகக் கேட்டபோது சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது.

கேட்க வேண்டியது இது: ‘கார்டு செலவுகளுக்கான ஓவர்டிராஃப்ட் சேவைக்கு நான் எந்தத் தேதியில், எந்த வழியாகச் சம்மதித்தேன்? அப்போது எனக்கு அனுப்பிய உறுதிப்படுத்தலின் நகல் வேண்டும்.’ உங்கள் கணக்கில் அந்தச் சேவை இருப்பதாகத் திரையில் தெரிகிறது என்பது மட்டும் பதிலாகாது. இந்தக் கேள்வி வெறும் சம்பிரதாயம் அல்ல: முறையான சம்மதம் இல்லாமலேயே வாடிக்கையாளர்களை இந்தச் சேவையில் சேர்த்ததாகக் கூறி 2020 ஆகஸ்டில் டிடி வங்கிக்கு எதிராக வந்த உத்தரவில், சுமார் 14 லட்சம் பேருக்கு 9.7 கோடி டாலர் திருப்பித் தரச் சொல்லப்பட்டது. கணக்குத் தொடங்கும் நாளில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிற நமக்கு, உண்மையில் சம்மதித்தோமா என்பதே நினைவிருக்காது. சம்மதித்திருந்தால் அதை மறுக்காதீர்கள். அந்நிலையில், ‘கார்டைத் தேய்த்தபோது பணம் இருந்தது’ என்ற வாதம் மட்டுமே உங்களிடம் மிஞ்சும்.

உரிமையான தொகைக்கு முடிவு தெரிந்த பிறகு, மீதிக்குச் சலுகை கேளுங்கள். சம்பளம் இந்தக் கணக்கில்தான் வருகிறது, இதுவே முதல் முறை என்பவை எடுபடும். என் கணக்கில் சம்மதப் பதிவு கிடைக்கவில்லை. 70 டாலர் உரிமையாகவும், 35 டாலர் சலுகையாகவும் திரும்பி வந்தது. ஆனால் ஒரே அழைப்பில் அல்ல.

படி 4: எழுத்தில் கொடுங்கள்

அழைப்பில் தீராவிட்டால், வங்கியின் இணையதளத்துக்குள் இருக்கும் பாதுகாப்பான செய்திப் பெட்டி வழியாக எழுதுங்கள். அழைத்த தேதி, பேசியவரின் பெயர் அல்லது எண், ஒவ்வொரு செலவின் தேதி, தொகை, அப்போதிருந்த இருப்பு, கட்டணம் விழுந்த தேதி ஆகியவற்றை வரிசையாகக் குறிப்பிட்டு, எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை ஒரே எண்ணாக எழுதுங்கள். எத்தனை நாட்களில் பதில் எதிர்பார்க்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நான் பத்து வேலை நாட்கள் கொடுத்தேன். கோபத்தை அதில் கொட்ட வேண்டாம். அதைப் படிக்கப்போகிறவர் கட்டணத்தை விதித்தவர் அல்லர்.

படி 5: மேலே செல்லுங்கள்

வங்கி மறுத்தால் சிஎஃப்பிபியின் இணையதளத்தில் இலவசமாகப் புகார் பதியலாம். புகார் வங்கிக்கு அனுப்பப்படும். பொதுவாக 15 நாட்களுக்குள் பதில் வரும், சிக்கலானவற்றுக்கு 60 நாட்கள் வரை ஆகலாம். படி 4-இல் எழுதியதையே ஒட்டி, படங்களை இணைத்தால் போதும். வங்கியின் பெயரில் ‘நேஷனல்’ என்றோ இறுதியில் ‘என்.ஏ.’ என்றோ இருந்தால் அதன் மேற்பார்வையாளர் ஓசிசி என்னும் கூட்டாட்சி அமைப்பு. அங்கும் புகார் கொடுக்கலாம். கூட்டாட்சிப் பதிவு பெற்ற கிரெடிட் யூனியன், அதாவது வங்கி போலவே இயங்கும் கூட்டுறவு நிறுவனம், என்றால் அதன் மேற்பார்வை அமைப்பான என்சியுஏவிடம் கொடுக்கலாம். சிறு வழக்கு நீதிமன்றமும் உண்டு, ஆனால் நூறு டாலருக்காக ஒரு நாள் விடுப்பு எடுப்பது எனக்கு உசிதமாகப் படவில்லை.

வெறுப்பில் மைனஸ் இருப்போடு கணக்கைக் கைவிடுவதை மட்டும் செய்யாதீர்கள். அது செக்ஸ்சிஸ்டம்ஸ் என்னும் பதிவேட்டுக்குப் போய் ஐந்து ஆண்டுகள் வரை நிற்கலாம். வேறு வங்கியில் கணக்குத் தொடங்கும்போது அதைப் பார்ப்பார்கள்.

படி 6: ஆப்ட்-இன்னை நீக்குங்கள்

முன்பு சம்மதித்திருந்தாலும் எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம். பல வங்கிச் செயலிகளில் அமைப்புகள் பகுதியில் ஒரு பொத்தான்தான். அதன் பிறகு பணம் போதாத கார்டு செலவு கடையிலேயே மறுக்கப்படும். வரிசையில் நிற்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கும், 35 டாலர் போகாது. தானாகப் பிடிக்கப்படும் பில்களுக்கு இது உதவாது என்பதால், அவற்றைச் சம்பளம் வந்த இரண்டு மூன்று நாட்களுக்குப் பிந்தைய தேதிக்கு மாற்றித் தரும்படி அந்தந்த நிறுவனங்களிடம் கேளுங்கள். இருப்பு 100 டாலருக்குக் கீழே போனால் செய்தி வரும்படியும் செயலியில் அமைத்துவிடுங்கள்.