தமிழ் வலைப்பூவைக் கண்ணுக்கு இதமாக்குவது எப்படி? டெம்ப்ளேட் மாற்றவே வேண்டாம்

வலைப்பூவை அழகாக்க வேண்டும் என்று தோன்றியதும் எல்லோரும் முதலில் தேடுவது புது டெம்ப்ளேட்டைத்தான். முன்னோட்டப் படத்தில் அது பளபளவென்று இருக்கும். நம் பதிவுகளை ஏற்றியதும் களையிழந்து போகும். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவற்றில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை வைத்து அளவெடுத்தவை. எழுத்துரு, வரி இடைவெளி, வரியின் அகலம் ஆகிய மூன்றையும் தமிழுக்கு ஏற்றபடி திருத்திவிட்டால் இப்போது இருக்கிற டெம்ப்ளேட்டே போதும்.

ப்ளாகரை வைத்து விளக்குகிறேன். வேர்ட்பிரஸ்காரர்களுக்கு வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் குறிமொழி) சொற்களை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். நீங்கள் சேர்க்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பேக்கப். தீம் (ப்ளாகரில் டெம்ப்ளேட்டுக்கு இதுதான் பெயர்) பக்கத்தில் ‘கஸ்டமைஸ்’ பொத்தானுக்குப் பக்கத்திலுள்ள சின்ன அம்புக்குறியை அழுத்தினால் பேக்கப் எடுக்க வழி இருக்கும். எடுத்துவிட்டு வாருங்கள்.

1. எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது

நீங்கள் எந்த எழுத்துருவையும் குறிப்பிடாவிட்டால் வாசகரின் கருவியில் என்ன இருக்கிறதோ அதில்தான் பதிவு தெரியும். பழைய விண்டோஸில் லதா, விண்டோஸ் 8-க்குப் பிறகு நிர்மலா யுஐ, மேக்கில் தமிழ் சங்கம், ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ சான்ஸ் தமிழ். ஒவ்வொன்றின் உயரமும் தடிமனும் வேறு. உங்கள் திரையில் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் அடுத்தவர் திரையில் வேறாகத் தெரிவது இதனால்தான்.

கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் மொழி வடிகட்டியில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் நல்ல பட்டியல் வரும். என் விருப்பம்: அன்றாடப் பதிவுகளுக்கு முக்தா மலர், கதை, நீண்ட கட்டுரை என்றால் நோட்டோ செரிஃப் தமிழ், தலைப்புக்குக் கேட்டமரன். மீரா இனிமை பார்க்க அழகு, ஆனால் அதில் ஒரே ஒரு தடிமன்தான். நீங்கள் போல்டு போட்டால் உலாவி தானாகவே எழுத்தைத் தடிப்பாக்கிக் காட்டும். அப்போது ண, ழ, ஐ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டு மை ஊறியதுபோல் ஆகிவிடும். போல்டு அதிகம் போடாதவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. கவிவனார் போன்ற கையெழுத்து வகைகளை வலைப்பூவின் பெயருக்கு வைத்துக்கொள்ளலாம். பதிவு முழுக்க அதில் போட்டுவிடாதீர்கள், யாரும் இரண்டாம் பத்தியைத் தாண்ட மாட்டார்கள்.

எதை எடுத்தாலும் 400 (சாதாரணம்), 700 (போல்டு) ஆகிய இரண்டு தடிமன்கள் போதும். எல்லாவற்றையும் டிக் செய்தால் பக்கம் திறப்பதற்குள் வாசகர் போய்விடுவார்.

2. டெம்ப்ளேட்டில் சேர்ப்பது (சேமிக்க மறுக்கும் இடம்)

கூகுள் ஃபான்ட்ஸ் தரும் லிங்க் வரிகளை நகலெடுத்து, ‘எடிட் எச்டிஎம்எல்’ போய், ஹெட் என்ற திறப்புக் குறிக்கு அடுத்த வரியில் ஒட்ட வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். ஒட்டிவிட்டுச் சேமித்தால் ப்ளாகர் சிவப்பு எழுத்தில் ஏதோ திட்டும். ப்ளாகர் டெம்ப்ளேட் எக்ஸ்எம்எல் என்ற கண்டிப்பான குறிமொழியின் விதிப்படி இருக்க வேண்டும். கூகுள் தருவது, வலைப்பக்கங்களை எழுதும் சாதாரண எச்டிஎம்எல். அதனால் மூன்று திருத்தங்கள்:

முதலாவது, ஒவ்வொரு லிங்க் வரியும் > என்று முடியும். அதை /> என்று மாற்றுங்கள்.

இரண்டாவது, முகவரிக்குள் ‘டிஸ்ப்ளே’ என்ற சொல்லுக்கு முன்னால் & குறி இருக்கும். அந்தக் குறியை ஒட்டி ஏ, எம், பி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும் சேர்க்க வேண்டும். முகவரியில் எத்தனை & இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் இப்படியே.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. ‘கிராஸ்ஆரிஜின்’ என்ற சொல் மதிப்பு எதுவும் இல்லாமல் தனியாக நிற்கும். எக்ஸ்எம்எல் அதை ஏற்காது. அதன் பின்னால் சமக்குறியும் வெற்று மேற்கோள் குறிகளும் போடுங்கள், இப்படி: ="". அல்லது அந்த வரியையே நீக்கிவிடலாம், எழுத்துரு வேலை செய்யும்.

வேர்ட்பிரஸில் இந்தத் தொல்லை கிடையாது. புதிய பிளாக் தீம்களில் எழுத்துரு நூலகம் உள்ளேயே வருகிறது, அதிலிருந்து நிறுவிக்கொள்ளலாம்.

3. நான்கு சிஎஸ்எஸ் வரிகள்

ப்ளாகரில் கஸ்டமைஸ், அட்வான்ஸ்டு, ‘ஆட் சிஎஸ்எஸ்’. பதிவின் உடல் பகுதிக்கு வகுப்புப் பெயர் (சிஎஸ்எஸ்ஸில் அந்தப் பகுதியைக் குறிக்கும் பெயர்) பெரும்பாலும் போஸ்ட்-பாடி. வேர்ட்பிரஸில் என்ட்ரி-கன்டென்ட். அந்த வகுப்புக்குக் கீழே எழுத வேண்டியவை:

ஃபான்ட்-ஃபேமிலி: உங்கள் பதிவில் ஆங்கிலச் சொற்களும் வரும் என்றால் வரிசை முக்கியம். முதலில் ஆங்கில எழுத்துருவின் பெயர், அடுத்து தமிழ் எழுத்துரு. முதலாவதில் தமிழ் இல்லை என்பதால் உலாவி தமிழ் எழுத்துகளுக்கு மட்டும் அடுத்ததற்குப் போகும். முக்தா மலர் எடுத்தவர்களுக்கு இந்த வேலை மிச்சம், அதில் இரண்டுமே இருக்கின்றன.

லைன்-ஹைட்: 1.75. ஆங்கில டெம்ப்ளேட்டுகளில் 1.4, 1.5 என்று இருக்கும். தமிழில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகர ஊகாரக் குறிகளும் வருவதால் அந்த இடைவெளியில் வரிகள் ஒன்றையொன்று இடிக்கும். எண்ணை மட்டும் போடுங்கள், பின்னால் பிக்சல் போன்ற அலகு வேண்டாம். அலகு போட்டால் உள்ளே இருக்கும் பெரிய தலைப்புகளும் அதே உயரத்தை எடுத்துக்கொண்டு, இரண்டு வரித் தலைப்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.

மேக்ஸ்-விட்த்: 36 இஎம் (ஒரு இஎம் என்பது எழுத்தின் அளவு). கணினித் திரையில் ஒரு வரிக்கு ஏழெட்டுச் சொற்கள் வரும், அதுதான் வசதி. ஆங்கில வழிகாட்டிகள் ‘சிஹெச்’ என்ற அலகில் 65 வைக்கச் சொல்லும். அந்த அலகு பூஜ்ஜியம் என்ற எண்ணின் அகலத்தை வைத்துக் கணக்கிடுவது. தமிழ் எழுத்துகளில் பல அதைவிட அகலம், கணக்கு ஒத்துவராது.

ஃபான்ட்-சைஸ்: எழுத்தின் அளவு, 18 பிக்சல். உலாவியின் இயல்பான 16 சில எழுத்துருக்களில் போதும், பலவற்றில் போதாது.

4. அணைக்க வேண்டியவை

டெம்ப்ளேட் தானாகப் போட்டு வைத்திருக்கும் அலங்காரங்களில் சில தமிழுக்கு ஆகாது. லெட்டர்-ஸ்பேசிங் இருந்தால் ‘நார்மல்’ ஆக்குங்கள். ஆங்கிலப் பேரெழுத்துத் தலைப்புக்கு அது கம்பீரம். தமிழில் சொல் பிய்ந்து நிற்கும். மேற்கோள் பகுதிகளுக்கு இட்டாலிக் போட்டிருப்பார்கள். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் உண்மையான சாய்வெழுத்து கிடையாது, உலாவி சும்மா சாய்த்துத்தான் காட்டும். அதை எடுத்துவிட்டு இடப்பக்கம் ஒரு கோடு போட்டால் மேற்கோள் என்று புரிந்துவிடும். ஜஸ்டிஃபை கூடவே கூடாது. நம் சொற்கள் நீளமானவை; கைபேசியில் ‘கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ போல ஒரு சொல் அடுத்த வரிக்குப் போனால் மேல் வரியில் மூன்றே சொற்கள் மிஞ்சி, நடுவே பெரிய ஓட்டைகள் விழும். இடப்பக்கம் சீராக இருந்தால் போதும்.

நிறம். வெள்ளைப் பின்னணியில் #999 சாம்பல் எழுத்து நாகரிகமாகத் தெரியலாம், வெயிலில் கைபேசியைப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. இணைய அணுகல் நெறிமுறை சாதாரண எழுத்துக்குக் கேட்கும் குறைந்தபட்ச வேறுபாடு 4.5:1. வெள்ளையில் #767676 அந்த எல்லையை ஒட்டி நிற்கிறது, அதைவிட வெளிர் வேண்டாம். நான் #222 வைத்திருக்கிறேன்.

5. “எல்லாம் செய்தேன், சில பதிவுகள் மட்டும் மாறவில்லை!”

எனக்கு அதிக நேரம் போனது இங்கேதான். புதிய பதிவுகள் முக்தா மலரில் வந்தன. பழையவற்றில் சில அப்படியே இருந்தன. அதைவிடக் குழப்பம், ஒரே பதிவில் இரண்டு பத்தி மாறி மூன்றாவது பத்தி மாறாமல் நின்றது. உலாவி சேமித்து வைத்திருக்கும் பழைய நகலை (கேஷ்) அழித்தும் பயனில்லை.

உண்மையில் எந்த எழுத்துரு தெரிகிறது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மாறாத பத்தியின் மேல் வலது சொடுக்கு, இன்ஸ்பெக்ட். குரோமில் ‘கம்ப்யூட்டட்’ பகுதியின் அடியில் எந்த எழுத்துரு பயன்பட்டது என்று இருக்கும். ஆனால் இந்த வேலைக்கு ஃபயர்பாக்ஸ்தான் என் தேர்வு. அதில் எழுத்துருவுக்கென்றே தனித் தாவல் உண்டு, அங்கேயே அளவையும் வரி இடைவெளியையும் இழுத்து மாற்றிப் பார்க்கலாம்.

என் பத்தியில் ‘லதா’ என்று வந்தது. பதிவை எச்டிஎம்எல் பார்வையில் திறந்தால் காரணம் தெரிந்தது: பத்தியைச் சுற்றி ஸ்பான் என்ற ஓர் எச்டிஎம்எல் குறி, அதற்குள் ஸ்டைல், அதற்குள் லதா. வேர்டில் எழுதி அப்படியே ஒட்டியதால் கூடவே வந்தது. கூகுள் டாக்ஸும் இதே கதைதான். ஏரியல், 11 பாயின்ட், 1.38 வரி இடைவெளி என்று அதன் இயல்பமைப்பு முழுவதும் பத்திக்குப் பத்தி ஒட்டிக்கொண்டு வரும். எழுத்துக்கு நேரடியாக ஒட்டிய ஸ்டைலுக்கு முன்னால், நாம் வெளியே எழுதும் சிஎஸ்எஸ் செல்லாது.

இனி எழுதுபவற்றுக்குத் தீர்வு எளிது. கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தி ஒட்டுங்கள், வெறும் எழுத்து மட்டும் வரும். சாய்வு, இணைப்பு எல்லாம் போய்விடும், மறுபடி போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பழைய பதிவுகள் கொஞ்சம் என்றால் ஒவ்வொன்றாகத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, எடிட்டரிலுள்ள ‘ஃபார்மட்டிங் நீக்கு’ பொத்தானை அழுத்துங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால் சிஎஸ்எஸ்ஸிலேயே அடக்கலாம்: போஸ்ட்-பாடிக்குள் வரும் பி, ஸ்பான், டிவ், ஃபான்ட் ஆகிய நான்கு குறிகளுக்கும் ஃபான்ட்-ஃபேமிலி, லைன்-ஹைட் இரண்டையும் ‘இன்ஹெரிட்’ என்று வைத்து, கடைசியில் ஆச்சரியக்குறியுடன் ‘இம்பார்ட்டன்ட்’ சேர்க்க வேண்டும். அது இருந்தால் ஒட்டிய ஸ்டைல் தோற்றுவிடும். நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதச் சொல்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பகிர்வுப் பொத்தான்களின் ஐகான்கள் வெற்றுக் கட்டங்களாகிவிட வாய்ப்பு உண்டு, ஏனென்றால் பல டெம்ப்ளேட்டுகளில் அந்த ஐகான்களும் எழுத்துருதான்.

இன்னொன்று. மிகப் பழைய பதிவுகள் பாமினி போன்ற யூனிகோடுக்கு முந்தைய முறையில் இருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது, புது எழுத்துருவில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். அவற்றை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிய பிறகே மற்ற வேலை.

6. முகவரி

தோற்றத்தோடு சேராது, ஆனாலும் கையோடு பார்த்துவிடுங்கள். தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் ப்ளாகர் அதை முகவரியில் சேர்க்காது. ‘ப்ளாக்-போஸ்ட்’ என்று வைத்து, பின்னால் ஓர் எண்ணைப் போட்டுவிடும். வெளியிடுவதற்கு முன் பெர்மாலிங்க் (பதிவின் நிலையான முகவரி) பகுதியில் ஆங்கில எழுத்தில் நீங்களே இரண்டு மூன்று சொற்கள் கொடுங்கள்.

வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும், ஆனால் வேறொரு சிக்கல். முகவரியில் ஒரு தமிழ்க் குறியீடு 9 எழுத்தாக விரியும். ‘தமிழ்’ என்ற சொல்லில் புள்ளியையும் விசிறியையும் சேர்த்து 5 குறியீடுகள், ஆக 45. வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்குத் தரும் இடம் மொத்தம் 200. அதாவது 22 குறியீடுகளோடு சரி, மீதி வெட்டுப்படும். நான்கைந்து சொல் தலைப்பே அரைகுறையாக நிற்பது இதனால்தான்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துச் செய்த ஒருவர், எழுத்துரு மாற்றிய பின் சில இடங்களில் புள்ளியாலான வட்டம் தெரிகிறது, எழுத்துருவில் கோளாறா என்று கேட்டிருந்தார். கோளாறு தட்டச்சில். துணைக்கால், கொம்பு போன்றவை முன்னால் உயிர்மெய் இல்லாமல் தனியே நின்றாலோ, இரண்டு முறை அடிக்கப்பட்டிருந்தாலோ அந்த வட்டம் வரும். எழுத்துக்கும் துணைக்குறிக்கும் நடுவே இடைவெளி விழுந்திருந்தாலும் இதே கதி. பழைய எழுத்துரு அதைக் காட்டாமல் மறைத்திருக்கலாம், அவ்வளவுதான். அந்தச் சொல்லை முழுக்க அழித்துவிட்டு மறுபடி அடியுங்கள். குறியை மட்டும் அழிக்கப் பார்த்தால் சில சமயம் பக்கத்து எழுத்தும் சேர்ந்து போகும்.

இன்னொருவருக்குக் கணினியில் எல்லாம் சரி, கைபேசியில் மட்டும் பழைய தோற்றமே வந்தது. ப்ளாகரில் மொபைலுக்குத் தனித் தீம் காட்டும் அமைப்பு இருக்கிறது. தீம் பக்கத்தில் அதே அம்புக்குறிக்குள் ‘மொபைல் செட்டிங்ஸ்’ போய், டெஸ்க்டாப் தீமையே காட்டும்படி மாற்றியதும் சரியாகிவிட்டது. கைபேசிக்கேற்ப மடங்காத மிகப் பழைய டெம்ப்ளேட் என்றால் மட்டும் இதைச் செய்யாதீர்கள், எழுத்து எறும்பளவுக்குச் சுருங்கிவிடும்.