ஜப்பானிய மை ஓவியச் சுருள்: அசலா என்று பார்ப்பது, பிறகு பாதுகாப்பது

கியோத்தோவின் தோஜி கோயிலில் மாதாமாதம் 21ஆம் தேதி கூடும் சந்தையில் கக்கேஜிகு எனும் தொங்கு சுருள்களைக் குவித்து வைத்திருப்பார்கள். மலை, மூடுபனி, சின்னப் படகு, ஓரத்தில் 'செஷ்ஷூ' என்று கையெழுத்து. அதை மட்டும் இப்போதைக்குப் படிக்காதீர்கள். 1420இல் பிறந்த அந்த மை ஓவிய மேதையின் பெயரைப் பின்னால் வந்த யார் யாரோ போட்டிருக்கிறார்கள்.

1. விரிப்பது
மோதிரம், கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவி நன்றாகத் துடையுங்கள். பஞ்சுக் கையுறை எனக்குப் பிடிக்காது. பட்டின் பிசிறில் மாட்டும், விரலுக்குப் பிடிமானமும் போய்விடும்.

2. கையால் வரைந்ததா, அச்சா?
பலரும் சறுக்கும் இடம் இது. நானும் இதில்தான் அதிகம் திணறினேன். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். போன் கேமராவை நம்பாதீர்கள். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அச்சு, சந்தேகமே இல்லை. ஆனால் புள்ளி இல்லை என்பதற்காக அசல் என்று சொல்லிவிட முடியாது. கொலோடைப் முறையில் அச்சிட்ட பழைய பிரதிகளில் புள்ளி வரிசை இருக்காது. புழு நெளிந்த மாதிரி நுண்ணிய சுருக்கம்தான் தெரியும், அதுவும் வெளிர் சாம்பல் பகுதிகளில்.

அசலில் மை தாளின் நாருக்குள் இறங்கியிருக்கும். ஒரு கோட்டின் மேல் இன்னொன்று போன இடம் கறுத்திருக்கும். தூரிகை காய்ந்துபோன இடத்தில் வெள்ளைக் கீற்றுகள் விட்டுப்போயிருக்கும். கண்ணைப் பழக்க, தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள செஷ்ஷூவின் 1495ஆம் ஆண்டு நிலக்காட்சியின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளிர் மை காய்வதற்குள் அடர் மையை வைத்திருக்கிறார். இரண்டும் கலந்த விளிம்புதான் நீங்கள் தேட வேண்டியது.

ஓவியர் கையெழுத்தோடு குத்தும் சிவப்பு முத்திரையும் சாட்சி ஆகாது. சில அச்சுப் பிரதிகளில் அதை மட்டும் கையால் குத்தியிருப்பார்கள்.

3. பெட்டி
ஓவியரே எழுதிக் கையெழுத்திட்ட மரப்பெட்டி இருந்தால் விலை கூடும். ஆனால் பெட்டி மாறியிருக்கலாம். சுருள் அதில் சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள். கையெழுத்தைப் படிக்க இப்போது போகலாம்.

4. பராமரிப்பு
மை கரித்தூள், அவ்வளவு எளிதில் வெளுக்காது. பழுப்பாகி நொறுங்குவது தாளும் பட்டும்தான். அதனால் நேர் வெயில் வேண்டாம், சில வாரம் மாட்டிவிட்டுக் கழற்றி வையுங்கள். ஜப்பானில் ஜூன், ஜூலை மழைக்காலத்தில் பெட்டியைத் திறக்காமல், இலையுதிர்காலத்தில் ஈரமில்லாத நாளாகப் பார்த்துக் காற்றாட விடுவார்கள்.

சுருட்டும்போது பாய் சுருட்டுவதுபோல் இழுத்து இறுக்காதீர்கள், குறுக்கே மடிப்பு விழும். கயிறு படும் இடத்தில் ஒரு தாள்துண்டு வையுங்கள். சுருளின் அடியில் இருக்கும் உருளைக் கட்டை மெல்லியது என்றால், அதன்மேல் பொருத்தும் தடித்த மர உருளை கிடைக்கும். செலவைப் பார்க்காமல் வாங்கிவிடுங்கள்.

கிழிந்திருந்தால் செல்லோடேப், ஃபெவிகால் பக்கமே போகாதீர்கள். சுருளை ஒட்டியிருப்பது கோதுமை மாவுப் பசை. ஈரப்படுத்தினால் பிரிந்து வரும், அதனால்தான் தலைமுறைகள் கழித்தும் புதிதாக ஒட்ட முடிகிறது. அது அதற்கென்றே பயின்ற கைவினைஞரின் வேலை.

பின்சேர்க்கை: பூச்சி உருண்டை போடலாமா என்று சிலர் கேட்டார்கள். போடுவதென்றால் ஒரே வகை. நாப்தலினையும் கற்பூரத்தையும் சேர்த்துப் போட்டால் இரண்டும் இளகிக் கறை பிடிக்கும். உருண்டை சுருளைத் தொடவும் கூடாது.