காசிமேட்டுக் கருவாட்டுக் கடையை கூகுளிலும் பிங்கிலும் தெரியவைப்பது எப்படி?

"இன்னா தம்பி, காசு குடுத்து சைட்டு போட்டேன். தேடுனா ஊர்ல இருக்கிற கருவாடு எல்லாம் வருது, என் கடை மட்டும் வரல!"

காசிமேட்டில் கருவாடு விற்கும் அக்கா ஒருவர் இப்படிச் சொல்லிவிட்டு போனை என் கையில் திணித்தார். கடை ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அன்று செய்ததையும், அடுத்த சில வாரங்களில் செய்ததையும்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்களுடையது எம்.சி. ரோட்டில் துணிக்கடையோ, வியாசர்பாடியில் டியூஷன் சென்டரோ, வேலை ஒன்றுதான்.

படி 1: தளம் தேடுபொறியின் பட்டியலில் இருக்கிறதா?

தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியை எழுதித் தேடுங்கள். கூகுள், பிங் இரண்டிலும் இது வேலை செய்யும். உங்கள் பக்கங்கள் வந்தால் நல்லது. அக்காவுக்கு இரண்டிலுமே ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் பக்கத்தில் கிடப்பது வேறு, பட்டியலிலேயே இல்லாதது வேறு. இது இரண்டாவது ரகம்.

அக்காவின் தளம் வேர்ட்பிரஸில், அதாவது தளம் கட்ட உதவும் மென்பொருளில் ஓடுகிறது. அமைப்புகளுக்குள் 'வாசிப்பு' பகுதியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு டிக் பெட்டி உண்டு. தளம் கட்டும்போது அதை டிக் செய்து வைப்பது வழக்கம். கட்டிக் கொடுத்தவர் முடிந்தபின் எடுக்க மறந்துவிட்டார். ஏழு மாதமாகக் கடையைத் திறந்து வைத்து, வாசலில் 'விடுமுறை' போர்டு தொங்கவிட்ட கதை. வேர்ட்பிரஸ் இல்லையென்றால், தேடுபொறிகள் எதைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பையும், பக்கத்தின் தலைப்பகுதியில் 'பட்டியலில் சேர்க்காதே' என்று சொல்லும் 'நோஇண்டெக்ஸ்' குறிச்சொல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

படி 2: பதிவு செய்வது

தள உரிமையாளர்களுக்கு கூகுள் தரும் கருவியான சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து, அது உங்களுடையதுதான் என்று உறுதிசெய்து, சைட்மேப் (தளத்தின் பக்க முகவரிகளை அடுக்கிய கோப்பு) எங்கே இருக்கிறது என்ற முகவரியைக் கொடுங்கள். ஒரு சைட்மேப் கோப்பில் 50,000 முகவரிகள் வரை வைக்கலாம். நமக்கு இருப்பது முப்பது பக்கம், அதனால் கவலை இல்லை.

அடுத்து, பிங்கின் அதே மாதிரிக் கருவியான பிங் வெப்மாஸ்டர் டூல்ஸ். சர்ச் கன்சோலில் சேர்த்ததை அப்படியே இங்கே இறக்கிக்கொள்ளலாம், ஐந்து நிமிட வேலை. பிங்கை யார் பார்க்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். யாஹூவின் தேடல் முடிவுகள் பிங்கிலிருந்துதான் வருகின்றன, டக்டக்கோ என்ற தேடுபொறிக்கும் பெரும்பகுதி அங்கிருந்துதான். பாரிமுனைப் பக்கம் ஆபீஸ்களில் இருக்கிற விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் எட்ஜ் உலாவியைத் திறந்தால் முதலில் நிற்பதும் பிங்தான். இன்னொன்று, 2021இல் பிங்கை நடத்தும் மைக்ரோசாஃப்டும் ரஷ்யத் தேடுபொறியான யாண்டெக்ஸும் சேர்ந்து கொண்டுவந்த இண்டெக்ஸ்நவ் என்ற ஏற்பாடு. பக்கத்தை மாற்றியதும் அந்தத் தேடுபொறிகளுக்குத் தகவல் அனுப்பிவிடும். தளத்தில் ஒரு பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) போட்டால் போதும். கூகுள் இதில் சேரவில்லை, அதற்கு சைட்மேப்தான்.

படி 3: வாடிக்கையாளர் வாயில் வரும் சொல்

என்னைக் கேட்டால் பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. தளத்தின் முகப்பில் 'உயர்தர உலர் கடல் உணவுப் பொருட்கள்' என்று எழுதியிருந்தது. அப்படி யார் தேடப்போகிறார்கள்? அக்காவின் வாட்ஸப்பைத் திறந்து கடைசி நூறு மெசேஜைப் படித்தோம். 'நெத்திலி கிலோ எவ்ளோ', 'சென்னாகுன்னி இருக்கா', 'வாடை வராம பார்சல் பண்ணுவீங்களா'. இவைதான் தேடல் சொற்கள். காசு கொடுத்து எந்தக் கருவியும் வாங்கவில்லை.

ஒவ்வொரு கருவாட்டுக்கும் தனிப் பக்கம், தனித் தலைப்பு. முன்பு எல்லாப் பக்கத்துக்கும் 'முகப்பு' என்றே இருந்தது. இப்போது நெத்திலிப் பக்கத்தின் டைட்டில்: 'நெத்திலி கருவாடு, அரைக் கிலோ பாக்கெட் – காசிமேடு, சென்னை'. தேடல் முடிவில் டைட்டிலுக்குக் கீழே வரும் சிறு விவரிப்பு தரவரிசையை ஏற்றாது. ஆனால் ஆளைக் கிளிக் செய்யவைப்பது அதுதான், அதனால் 'வாடை வராத பார்சல்' என்பதை அங்கே போட்டோம். பக்கத்துக்கான தேடல் சொற்களை எழுதும் மெட்டா கீவேர்ட்ஸ் பெட்டியில் ஐம்பது சொல்லைத் திணிக்கச் சொல்வார்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது.

தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுவோர் நிறையப் பேர். அதனால் நெத்திலி கருவாடு என்பதை ஆங்கில எழுத்திலும் பக்கத்தில் ஒருமுறை இயல்பாக வரவிடுங்கள். வண்ணாரப்பேட்டையை எழுதும் அத்தனை ஸ்பெல்லிங்கையும் வரிசையாக அடுக்க வேண்டாம். அது ஸ்பேம் வேலை.

நம்மூர்த் தளங்களுக்கே உரிய மூன்று சிக்கல்களும் இங்கே இருந்தன. முதலாவது, விலைப்பட்டியல் முழுக்க டிடிபி சென்டரில் அடித்த ஒரே படமாக இருந்தது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி படித்துவிடும் என்று நம்பாதீர்கள், விலையைத் தட்டச்சு செய்தே போடுங்கள். இரண்டாவது, 'எங்களைப் பற்றி' பக்கம் யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் இருந்தது. திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குப்பை. இரண்டு வரியை எடுத்து வாட்ஸப்பில் ஒட்டிப் பாருங்கள், புரியாத எழுத்தாக வந்தால் தேடுபொறிக்கும் அது அப்படித்தான். யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மூன்றாவது, பக்க முகவரி. தமிழில் வைத்தால் தப்பில்லை. ஆனால் நகலெடுத்து அனுப்பும்போது 'நெத்திலி' என்ற ஒரு சொல்லே சதவீதக் குறிகளோடு 72 எழுத்தாக நீண்டுவிடும். அக்காவுக்கு ஆங்கில எழுத்திலேயே வைத்துவிட்டேன்.

படி 4: போனில் திறந்து பாருங்கள்

கூகுள் உங்கள் தளத்தின் மொபைல் வடிவத்தைத்தான் படிக்கிறது. அக்கா போனில் எடுத்த வஞ்சிரம் கருவாட்டுப் படம் 5 எம்பி, அப்படியே ஏற்றியிருந்தார்கள். வெப்பி என்ற படக்கோப்பு வடிவத்தில் சுருக்கியதும் 120 கேபி ஆனது, கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பக்க வேகத்தை அளக்கும் கூகுள் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்தால் நல்ல மதிப்பெண்.

படி 5: வரைபடத்தில் கடை

கூகுள் பிசினஸ் புரொஃபைல், பிங் பிளேசஸ் இரண்டிலும் கடையைச் சேருங்கள். பெயர், முகவரி, போன் நம்பர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும். வாடிக்கையாளரிடம் மதிப்புரை கேட்கலாம், ஆனால் 'அஞ்சு ஸ்டார் போட்டா கால் கிலோ இலவசம்' கூடாது. அது கூகுள் விதிக்கு விரோதம். அக்காவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

படி 6: பருவம் பார்த்து எழுதுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் துறைமுகத்திலேயே நிற்கும், மீன் விலை ஏறும், கருவாடு கேட்டு ஆள் வரும். அந்த நேரத்துக்கான பக்கத்தை ஏப்ரலில் எழுதினால் தாமதம். பட்டியலில் ஏறவும் மேலே வரவும் வாரக்கணக்கில் ஆகும், பிப்ரவரியிலேயே போட்டுவிடுங்கள்.

அப்புறம், 'மூவாயிரம் ரூபாய்க்கு மற்ற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு ஐயாயிரம் லிங்க்' என்று போன் வரும். வாங்காதீர்கள். காசு கொடுத்து லிங்க் வாங்குவதை கூகுள் ஸ்பேமாகத்தான் பார்க்கிறது. அக்காவிடம் கருவாடு எடுக்கும் மெஸ் ஒன்றுக்கு சொந்தத் தளம் இருக்கிறது. 'எங்கள் கருவாடு இங்கிருந்து' என்று அவர்கள் போட்ட ஒரு லிங்க் எனக்குப் போதும்.

மூன்று வாரம் கழித்து சர்ச் கன்சோலில் செயல்திறன் அறிக்கையைத் திறந்தோம். எந்தச் சொல்லைத் தேடி யாருக்குத் தளம் தெரிந்தது என்று அது காட்டும். 'பிள்ளை பெத்தவங்களுக்கு சுறா கருவாடு' என்று சிலர் தேடியிருந்தார்கள், கிளிக் ஒன்றுகூட இல்லை. "சுறா பின்னாடி மூட்டைல இருக்கே தம்பி, அதுக்குப் பக்கம் போடலியா?" என்றார் அக்கா. இந்த வாரம் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.