பத்தாவது தனித்தேர்வு: தமிழ்த்தாளில் பத்தியையும் பாட்டையும் எப்படிப் படிப்பது?

பாதியில் படிப்பை விட்டுவிட்டுத் தனித்தேர்வராகப் பத்தாவது எழுத வருகிறவர்கள் கணக்குக்குத்தான் பயப்படுகிறார்கள். தமிழ் நம்ம மொழிதானே, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். தண்டையார்பேட்டையில் நான் சாயங்காலம் சொல்லிக்கொடுக்கும் அக்காக்களும் அப்படித்தான் வந்தார்கள். பேசத் தெரிவது வேறு, கேள்விக்கு எழுதுவது வேறு. 100-க்கு 35 எடுத்தால் பாஸ் என்பதால் ஒரு மார்க்கைக்கூட விடாதீர்கள்.

முதலில் உரைப்பத்தி. கேள்விகளைப் படித்துவிட்டுத்தான் பத்திக்குள் போக வேண்டும். உதாரணத்துக்கு நான் கொடுத்த பத்தி: 'தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ராயபுரம் ஸ்டேஷனின் பழைய கட்டடம் இன்றும் நிற்கிறது.' ரயில் எங்கிருந்து கிளம்பியது என்று கேட்டேன். ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்த ஓர் அக்கா 'சென்ட்ரல்' என்று எழுதியிருந்தார். பெரிய ஸ்டேஷன் அதுதானே என்று மனதில் இருந்தது அப்படியே கைக்கு வந்துவிட்டது. அதனால் விடை இருக்கிற வரியை விரலால் தொட்டுக் காட்ட முடிந்தால் மட்டும் எழுதுங்கள், இல்லையென்றால் திரும்பப் படியுங்கள்.

அப்புறம் பாட்டு. இதைத்தான் பலரும் தள்ளிவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் பயிற்சி இருந்தால் சுலபமாக மார்க் வருகிற இடம் இதுதான். வாய்விட்டுப் படியுங்கள், பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் பரவாயில்லை. 'கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக' என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். கற்க, கசடற, கற்பவை என்று முதல் எழுத்து ஒன்றி வருவது மோனை. கற்க, நிற்க என்று இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. கண் பார்ப்பதற்கு முன்னாலேயே காது பிடித்துவிடும். ஒவ்வொரு பாட்டுக்கும் நூல், ஆசிரியர், கடினமான நாலு சொல்லுக்குப் பொருள், இவ்வளவையும் நோட்டில் ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மனப்பாடப் பாட்டும் குறளும் கட்டாய வினா. தினமும் இரண்டு அடி போதும், ஆனால் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். சொல்லும்போது வராத ஒற்றுப்பிழை எழுதும்போதுதான் வரும்.

தேர்வு அறையில் வினாத்தாளைப் படிக்க மட்டும் 10 நிமிடம் தருவார்கள். அந்த நேரத்தில் பத்தியையும் பாட்டையும் மனதுக்குள் இரண்டு முறை படித்து முடித்துவிடுங்கள்.